பின்திரை மின்னொளி

மாலை மங்கிய வேளையில் பள்ளித் திடலில் நடந்த சுடரோட்டத்தை ஒருமுறை படமெடுத்தேன். படத்தைக் கண்ட மாணவன், "ஐயா, நான் ஏன் பின்னோக்கி ஓடுகிறேன்?" என்று கேட்டான். அவன் உருவம் தெளிவாகவே இருந்தது. ஆனால் கைச்சுடரின் ஒளிக்கோடு அவனுக்கு முன்னே நீண்டு கிடந்தது. காமிரா பொய் சொல்லவில்லை, பிழை என்னுடையதே. பள்ளி விழாக்களைப் படமெடுக்கும் ஆசிரிய அன்பர்களுக்குப் பயன்படுமாறு அதன் காரணத்தை ஈண்டு விளக்குவேன்.

லென்சு மாற்றக்கூடிய காமிராக்கள் பலவற்றில் இரு திரைகள் உண்டு. முதல் திரை விலகியதும் ஒளி புகுகிறது; குறித்த நேரம் கழிந்ததும் இரண்டாந்திரை வந்து மூடுகிறது. வெளிச்சம் குறைந்தபோது 1/4 வினாடி திறந்து வைக்கிறோம் என்று கொள்வோம். வினாடிக்கு 4 மீட்டர் ஓடும் சிறுவன் அதற்குள் 1 மீட்டர் கடந்துவிடுவான். அவன் ஏந்திய சுடர் கோடாகப் படியும். மின்னொளியோ ஏறத்தாழ 1/1000 வினாடியே தோன்றி மறையும். அதற்குள் அவன் நகர்வது 4 மில்லிமீட்டர்தான். ஆகவே, மின்னொளி பட்ட கணத்தின் உருவமே தெளிவாக நிலைக்கிறது.

இவ்வுண்மை புதிதன்று. 1851-இல் இலண்டனில் ஃபாக்ஸ் டால்பட் என்பார், சுழலும் வட்டில் செய்தித்தாளை ஒட்டி, மின்பொறியின் ஒளியில் படமெடுத்துக் காட்டினார். 1930-களில் அமெரிக்கப் பொறியியலறிஞர் ஹரால்ட் எட்ஜர்ட்டன் இம்முறையைப் பெரிதும் வளர்த்தார்.

வழக்கமாக, முதல் திரை முழுதும் திறந்தவுடனே மின்னொளி தோன்றும். உருவம் தொடக்கத்திலேயே பதிந்துவிட, அதன்பின் சுடர் சென்ற வழி உருவத்திற்கு முன்னே படிகிறது. என் படத்தில் நேர்ந்தது இதுவே. பின்திரை முறையிலோ, இரண்டாந்திரை மூடத் தொடங்குவதற்குச் சற்று முன்னர் மின்னொளி தோன்றும். முதலில் கோடு, முடிவில் உருவம். கப்பலின் பின்னே அலைத்தடம் தொடர்வதுபோல, ஒளிக்கோடு ஓடுபவனைத் தொடர்கிறது.

மின்னொளி காமிராவின் மேலேயே இருப்பின் முகம் தட்டையாகத் தோன்றும். அதைக் கழற்றி, ஒரு தாங்கியில், பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில், தலைக்குச் சற்று மேலே நிறுத்துக. ஒளியும் நிழலும் சேர்ந்து முகத்திற்குத் திரட்சி தரும். தூரத்தையும் கருதவேண்டும்: 2 மீட்டரில் இருந்ததை 4 மீட்டருக்கு நகர்த்தினால் ஒளி நான்கில் ஒரு பங்காகும்.

திறப்பு நேரத்தை நீட்டினால் கோடு நீளும், சுற்றுப்புறமும் வெளிச்சமாகும். மின்னொளி தரும் வெளிச்சம் அதனால் மாறாது. எனவே முதலில் சுற்றுப்புறம் சற்று இருண்டு தெரியுமாறு அமைத்து, பின்னர் மின்னொளியின் வலிமையைக் கையால் திருத்துக. தானியங்கி முறையில் அளவறிய முன்மின்னல் ஒன்று தோன்றும். படம் முடிந்ததென்று எண்ணிப் பிள்ளைகள் கலைந்துவிடுவர். கம்பியில்லா இயக்கிகள் எல்லாம் பின்திரை முறைக்கு இசைவதில்லை, வாங்குமுன் சோதித்தறிக. காமிராவை முக்காலியில் பொருத்துக.

இன்னும் ஒன்று: பொத்தானை அழுத்திய கணத்து உருவம் தெளிவாகப் பதியாது, 1/4 வினாடி கழித்து வருவதே பதியும். ஆகவே அவன் வரவிருக்கும் இடத்தை முன்னரே கணித்தல் வேண்டும். விளக்குப் பொருத்திய மிதிவண்டியை ஓட்டச் செய்து பழகலாம்.

மறு ஆண்டு அவ்வாறே எடுத்தேன். படத்தைப் பார்த்த அதே மாணவன் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தான்.