டியூப்லெஸ் போடுமுன் ரிம்மைப் பாருங்கள், பில்லைக் கேளுங்கள்

ரேஸ் சைக்கிளில் டியூபைக் கழற்றிவிட்டு டியூப்லெஸ் டயர் போடலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உண்மையில் பலர் யோசிப்பதே இல்லை. "ஒண்டும் ஆகாது தம்பி, டேப்பைச் சுத்திப் பாலை ஊத்தினாச் சரி" என்று கடைக்காரர் சொல்கிறார். இவர்களும் தலையாட்டிக் காசைக் கொடுத்து, பில்லும் வாங்காமல் கற்பிட்டி வீதியில் ஏறிவிடுகிறார்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்று முழங்கால் கிழிந்த பிறகுதான், ரிம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்க்கிறார்கள்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தபோது சைக்கிளுக்கு வந்த மவுசு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களைத் தேடி வாங்கி ஓடுகிறவர்கள் பலர். இவற்றில் பழைய சைக்கிள்களின் ரிம்கள் பெரும்பாலும் டியூபுக்கென்றே செய்யப்பட்டவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டியூப்லெஸ் கெட்ட பொருள் அல்ல. நம் கரையோர மணல் பாதைகளில் நெருஞ்சி முள்ளுக்குக் குறைவில்லை. முள் ஏறினால், உள்ளே இருக்கும் சீலன்ட் பால் துளை வழியாகச் சீறிக்கொண்டு வரும். துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் வைத்தால் பால் உறைந்து அடைத்துவிடும். காற்றைச் சற்றுக் குறைத்து ஓடலாம் என்பதால் குண்டும் குழியுமான பாதையில் உடம்பு அவ்வளவாக நோகாது. குழியில் விழும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும் தொல்லையும் இல்லை.

ஆனால் அந்தப் பால் காய்ந்துவிடும். நம் வெயிலுக்கு இன்னும் விரைவாகக் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் நீங்கள் ஓட்டுவது டியூபும் இல்லாத, பாலும் இல்லாத வெறும் டயர். லொறி டயரிலிருந்து உரிந்து விழுந்த கம்பியோ கண்ணாடியோ டயரை நீளமாகக் கிழித்தால் எந்தப் பாலும் அடைக்காது. அப்போது உள்ளே போட ஒரு டியூப் கையில் இருக்க வேண்டும். உப்புக் காற்றில் வால்வின் நட்டு இறுகிக்கொள்ளும் என்பதால் ஒரு சிறு குறடும் வேண்டும். ஆகவே டியூப்லெஸ் போட்டால் டியூப் சுமக்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி உயிருக்கு ஆபத்தான விஷயம். ரிம்மும் டயரும் இரண்டுமே டியூப்லெஸுக்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 'டியூப்லெஸ் ரெடி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ரிம்மிலும் அதேபோல் குறியிருக்கும். இல்லாவிட்டால் அதன் மாதிரிப் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தில் தேடிப் பாருங்கள். இரண்டிலும் உறுதி கிடைக்காவிட்டால் போடாதீர்கள். சாதாரண டயரின் ஓரம் காற்றின் அழுத்தத்தில் இழுபட்டு ரிம்மை விட்டுத் துள்ளிவிடும். டேப் சுற்றினாலும் பால் ஊற்றினாலும் அது மாறாது.

சில புதிய ரிம்களில் டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பே கிடையாது. அவற்றில் 5 பார், அதாவது ஏறக்குறைய 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கவே கூடாது. லொறி டயருக்குக் காற்று அடிக்கும் கொம்ப்ரஸரில் அளவுமானி பார்க்காமல் அடித்தால் அந்த எல்லையை ஒரு நொடியில் தாண்டிவிடும். மானி இல்லாத இடத்தில் காற்று அடிக்காதீர்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2024 பெப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த சைக்கிள் போட்டியில், பெல்ஜிய வீரர் தோமஸ் டி கெண்ட் விழுந்தார். அவருடைய கொக்கியில்லாத ரிம்மிலிருந்து டயர் கழன்றிருந்தது. கல்லில் மோதியதே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. அந்த ரிம்மின் அகலத்துக்கு அந்த டயர் பொருந்துமா என்ற கேள்வியும் எழுந்தது. பொறியியலாளர் பட்டாளத்தோடு ஓடும் வீரருக்கே இந்த நிலை என்றால், டேப் சுற்றிய பழைய ரிம்மில் ஓடுகிறவரைப் பற்றி என்ன சொல்ல?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ரிம் டியூப்லெஸுக்குரியது, வாரத்தில் பல நாள் நீண்ட தூரம் ஓடுகிறீர்கள், பால் ஊற்றிப் பராமரிக்கச் சலிக்க மாட்டீர்கள் என்றால் மாறுங்கள். இல்லையென்றால் நல்ல தரமான டயர், ஒரு டியூப், ஒட்டுச் சாமான், கைப் பம்ப் போதும். பஞ்சர் ஒட்டும் கடை எல்லா ஊரிலும் உண்டு. டியூப்லெஸ் திருத்தத் தெரிந்த பாஸைத் தேடித்தான் போகவேண்டும்.

வாங்குவதென்று தீர்மானித்தால், பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும். அதில் திகதி, விலை, டயரின் பெயரும் அளவும் இருக்கட்டும். ரிம், டேப், சீலன்ட் ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, 'இந்த ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றது' என்று வாயால் சொன்னவரிடம் அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், அவருடைய பேச்சின் பெறுமதி என்னவென்று அங்கேயே தெரிந்துவிடும்.

பொருள், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாக இருந்தால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் அந்த அதிகார சபையிடம் முறையிடலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். முறைப்பாட்டுக்கான 1977 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டால் விழிப்புணர்வு முடிந்தது என்று சபையின் அதிகாரிகள் நினைக்கிறார்கள். இந்த இரண்டு நிபந்தனைகளையும் அதே சுவரொட்டியில் பெரிதாகப் போட அவர்களுக்கு என்ன செலவு? தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருந்து, மூன்று மாதத்தையும் கோட்டைவிடாதீர்கள்.

கடிதத்தில் எழுத வேண்டியவை: உங்கள் பெயர், முகவரி, கடையின் பெயர், முகவரி, வாங்கிய திகதி, விலை, கடைக்காரர் சொன்னது, நடந்தது, பணமா, மாற்றுப் பொருளா, நட்டஈடா என்ற உங்கள் கோரிக்கை. பில்லின் பிரதியையும் படங்களையும் இணையுங்கள். கிழிந்த டயரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; அதுதான் சாட்சி. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, 27, வொக்ஸ்ஹோல் வீதி, கொழும்பு 02 என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்ற பலகையைக் காட்டி உங்களை முறையிட விடாமல் தடுக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் கருமமாற்றவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அப்படிச் சொன்னவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: ரிம்மில் இருப்பதைப் படிக்காமல் டியூபைக் கழற்றாதீர்கள், பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், மூன்று மாதம் கடக்குமுன் எழுத்தில் முறையிடுங்கள்.