கலையும் குழந்தை உள்ளமும்



இவ்வாண்டு நம் பள்ளியில் நடைபெற்ற ஓவியப் போட்டிக்கு வந்த படங்களை என் மேசைமீது பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘எனக்குப் பிடித்த இடம்’ என்பது தலைப்பு. வந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஒரே படம். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே கதிர் விரித்து எழும் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை, வானத்தில் வளைந்த இரண்டு கோடுகளாகப் பறவைகள். நம் தோட்டத்தில் மலை இல்லை. ஆறு என்று சொல்லத்தக்கதும் இல்லை. மழைநீர் ஓடும் வாய்க்கால்தான் உண்டு. சூரியனோ செம்பனை மரங்களுக்குப் பின்னால், கிராணியார் வீட்டுக் கூரைக்கு மேலாக எழுகின்றான். இதைக் காணாத பிள்ளை நம் பள்ளியில் ஒருவருமில்லை. கண்டதை விட்டுக் காணாததை வரைந்தது ஏன்? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பிள்ளைகளை நான் குறை கூறவில்லை. அந்த மலையையும் சூரியனையும் நானும் வரைந்திருக்கிறேன். உங்களுள் பலரும் வரைந்திருப்பீர்கள். ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். நாங்கள் பார்த்து எழுதுவதுபோல் பார்த்து வரைவோம். யாருடைய படம் கரும்பலகைப் படத்தை ஒத்திருக்கிறதோ அவருக்குக் கூடுதல் மதிப்பெண். இன்று கரும்பலகையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது, அவ்வளவே வேறுபாடு.

‘கலை’ என்னும் சொல் நம் மொழியில் பல பொருள் தருவது. நிலவின் கூறுகளைக் கலை என்பர். ஆண்மானைக் கலை என்பர். உடுக்கும் ஆடையையும் கலை என்பர். ‘ஆய கலைகள் அறுபத்து நான்கு’ என்று நம் முன்னோர் எண்ணி வைத்தனர். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ என்னும் நூலில் கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, காவியம் என ஐந்தை அழகுக் கலைகளாக வகுத்துரைத்துள்ளார். இவை யாவும் கலையின் வகைகள். வகைகளைச் சொல்லிவிட்டால் பொருளைச் சொன்னதாகாது. எனக்கு விளங்கிய அளவில் கூறுவதானால், ஒருவர் தம் உள்ளத்தில் தைத்த ஒன்றைக் கோடு, நிறம், ஒலி, சொல், அசைவு இவற்றுள் ஏதேனும் ஒன்றன் வழியாக, பிறர் உள்ளத்திலும் தைக்கும்படி வடிவாக்கித் தருவதே கலை. உள்ளத்தில் ஒன்றும் தைக்காதபோது கை எவ்வளவு நேர்த்தியாக ஓடினாலும் அது பயிற்சிதான்.

பயிற்சி என்பதை இழிவாகச் சொல்வதாக எண்ணிவிட வேண்டா. என் தந்தையார் பால் வெட்டியவர். இருள் பிரியுமுன் தலைவிளக்கோடு சென்று, மரத்தின் பட்டையில் சாய்வாக ஒரு கோடு இழுப்பார். கத்தி ஆழப் பதிந்தால் மரம் புண்படும். மேலாகச் சென்றால் பால் வாராது. நூற்றுக்கணக்கான மரங்களில் அதே ஆழம், அதே சாய்வு. என் தாயார் போட்ட கோலக் கோட்டினும் அது நேர்த்தியான கோடு. ஆயினும் அது நேற்றிருந்தபடியே இன்றும் இருக்கவேண்டிய கோடு. தொழில்திறம் மாறாமையை வேண்டுவது. கலையோ ஏதேனும் ஓரிடத்தில் மாறியே தீரும்.

அம்மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை என் தாயாரின் கோலத்திலிருந்தே காட்டுகிறேன். எங்கள் லயத்து வாசலில் மார்கழி மாதத்தில் ஏழு புள்ளிக் கோலம் போடுவார். நடுவரிசையில் ஏழு புள்ளி; இருபுறமும் இடைப்புள்ளியாக ஆறு, ஐந்து, நான்கு என்று குறைந்து வரும். எண்ணிப் பார்த்தால் மொத்தம் முப்பத்தேழு. புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து சென்று, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியவேண்டும். ஒருநாள் புள்ளி வைத்து முடித்த வேளையில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று குறுக்கே ஓடி, ஓரத்தில் இரண்டு புள்ளிகளை அழித்துவிட்டது. டின்னிலோ மாவு கொஞ்சந்தான் இருந்தது. தாயார் சிறிது நேரம் இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகு எதிர்ப்புறத்திலும் இரண்டு புள்ளிகளைத் தம் விரலாலேயே அழித்தார். எஞ்சிய புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுத்தபோது அதுவரை நாங்கள் பாராத ஓர் உருவம் வந்தது. மறுவாரம் லயத்தில் நான்கு வாசல்களில் அதே கோலம். அதற்குக் ‘கோழிக் கோலம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அன்று கோழி செய்தது கலையன்று. நான்கு வாசல்களிலும் அதைப் பார்த்துப் போட்டதும் கலையென்று சொல்வதற்கில்லை. எதிர்ப்புறத்தையும் அழித்துவிடலாம் என்று ஓர் உள்ளம் துணிந்ததே, அந்த நொடியில்தான் கலை பிறந்தது. ஆனால் அத்துணிவு வெறுங்கையோடு வந்ததா? பன்னிரண்டு வயது முதல் தம் தாயாரையும் அத்தைமாரையும் பார்த்துப் பார்த்துப் போட்டுப் பழகிய கை அது. புள்ளி, கோடு, இருபுறமும் ஒத்திருத்தல் ஆகிய கட்டுப்பாடுகள் அவர் விரலில் ஊறியிருந்தன. எனவே பார்த்துச் செய்தல் முதற்படி. அப்படியிலேயே ஆயுள் முழுதும் நின்றுவிடுவதுதான் குறை.

படைப்பாற்றல் செயற்படும் முறையைப் பலர் ஆராய்ந்துள்ளனர். கிரகாம் வாலஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1926இல் வெளியிட்ட நூலில் அதற்கு நான்கு நிலைகளைக் கூறினார். முதலாவது ஆயத்தம், சிக்கலை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து உழைத்தல். இரண்டாவது அடைகாத்தல், அதை மனத்தின் அடியில் விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தல். மூன்றாவது ஒளிர்தல், எதிர்பாராத வேளையில் விடை பளிச்சிடுதல். நான்காவது சரிபார்த்தல், வந்த எண்ணத்தைச் சோதித்துத் திருத்தி முழுமையாக்கல். வாலஸ் இதற்குச் சான்றாகக் கொண்டவற்றுள் ஒன்று, எல்ம்ஓல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிவியலறிஞர் 1891இல் தம் எழுபதாம் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை. நல்ல எண்ணங்கள் தமக்குக் களைத்த மூளையோடு எழுதும் மேசையில் இருக்கும்போது வந்ததில்லை என்றும், வெயில் காயும் நாளில் மரமடர்ந்த குன்றின்மீது மெல்ல ஏறும்போதே பெரிதும் வந்தன என்றும் அவர் கூறினார். மாணவர்களே, உடனே புத்தகத்தை மூடிவிட்டுக் குன்று தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள்! முன்னரே அச்சிக்கலோடு நெடுநாள் மல்லாடியிருக்கவேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் பாப்லோ பிக்காசோ 1942இல் ஒரு காளைத் தலையைச் செய்தார். பழைய மிதிவண்டியின் இருக்கை, அதன் கைப்பிடி ஆகிய இரண்டே பொருள்கள். இருக்கை முகமாயிற்று; கைப்பிடி கொம்பாயிற்று. நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை மிதிவண்டிகளைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்! அவ்விரண்டும் அருகருகே கிடந்ததைப் பலரும் கண்டிருப்பர். காளையைக் கண்டவர் அவர். காளைப்போர் நடக்கும் நாட்டில் பிறந்து, சிறு வயதிலேயே அதை வரையத் தொடங்கியவர். காளைத் தலை செய்தபோது வயது அறுபது. ஒரு நொடியில் வந்த எண்ணத்துக்குப் பின்னே ஐம்பது ஆண்டு ஆயத்தம் இருந்தது.

அவரே 1937இல் வரைந்த ‘குவெர்னிகா’ சரிபார்த்தலுக்குச் சான்றாகும். அவ்வாண்டு ஏப்ரல் 26இல் குவெர்னிகா என்னும் சிற்றூர்மீது வான்படை குண்டு வீசியது. மே முதல் நாளிலேயே பிக்காசோ வரைவுகளைத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட அத்துணியில் அவர் வரைந்ததையும் மாற்றியதையும் டோரா மார் என்னும் பெண்மணி அவ்வப்போது ஒளிப்படம் எடுத்து வைத்தார். தொடக்கத்தில் வானை நோக்கி உயர்ந்து நின்ற ஒரு கையும் முட்டியும் முடிந்த ஓவியத்தில் இல்லை. உலகம் போற்றும் ஓவியரே வரைந்ததை அழித்திருக்கிறார். நம் பிள்ளைகளோ அழிப்பானைத் தொட்டால் தவறு செய்துவிட்டதாக அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்தை ஊட்டியவர்கள் நாமே.

நாமே என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமையில்லை. ஆசிரியர் கல்லூரியில் பயின்றபோது விக்டர் லோவன்ஃபெல்டு என்பவரைப் பற்றி நான் தேர்வில் நான்கு பக்கம் எழுதினேன். ஆஸ்திரியாவில் பிறந்து, பார்வையற்ற குழந்தைகளுக்குக் களிமண்ணில் உருவம் செய்யக் கற்பித்து, பின்னர் அமெரிக்கா சென்று 1947இல் குழந்தை ஓவியம் பற்றிப் பெருநூல் வெளியிட்டவர் அவர். சிறு குழந்தை கண்ணுக்குத் தெரியும் அளவில் வரைவதில்லை. உள்ளத்துக்குப் பெரிதாகத் தோன்றுவதைப் பெரிதாக வரைகிறது. முக்கியமானவர் உயரமாக நிற்பார்; வேலை செய்யும் கை நீளும்; சுவர் இருந்தாலும் வீட்டுக்குள் இருப்போர் தெரிவர். இவை தவறுகள் அல்ல. ஏழு, எட்டு வயதுக் குழந்தையின் முறையான மொழி. அவருடைய நூலில் மூன்று படங்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒரு குழந்தை தானாக வரைந்த பறவை முதலாவது. அச்சிட்ட பயிற்சிப் பறவைக்கு அக்குழந்தை நிறம் தீட்டியது இரண்டாவது. அதன்பின் அது வரைந்த பறவை மூன்றாவது. அது அச்சுப் பறவையாகவே மாறியிருந்தது. இவற்றையெல்லாம் எழுதித் தேர்ச்சியும் பெற்றேன்.

1993ஆம் ஆண்டு, வேறொரு தோட்டத்துப் பள்ளி, இரண்டாம் ஆண்டு வகுப்பு. ‘என் அப்பா’ என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரு பையன் செம்பனைக் குலை வெட்டும் தன் தந்தையை வரைந்திருந்தான். தந்தையின் கையும் அரிவாள் கட்டிய கம்பும் பிரித்தறிய முடியாதபடி ஒரே கோடாகத் தாளின் அடியிலிருந்து உச்சிவரை சென்றது. முகத்தில் கண், மூக்கு, வாய் ஒன்றும் இல்லை. நான் சிவப்பு மையால், ‘கை இவ்வளவு நீளமா? முகம் எங்கே?’ என்று எழுதினேன். வகுப்பில் உயர்த்திக் காட்டவும் செய்தேன், பிள்ளைகள் சிரித்தனர். குலை வெட்டுபவர் நாள் முழுதும் அண்ணாந்து நிற்பவர் என்பதும், கீழே நின்று பார்க்கும் சிறுவனுக்குத் தந்தையின் முகம் தெரியாது, அந்தக் கைதான் தெரியும் என்பதும் எனக்கு அன்று தோன்றவில்லை. நான்கு பக்கம் எழுதியவனுக்குத் தோன்றவில்லை! அதன்பின் அவ்வாண்டு முழுதும், எந்தத் தலைப்புக் கொடுத்தாலும், அப்பையன் இரண்டு மலைகளும் சூரியனும் வரைந்தான். மலைக்கு யாரும் சிரிப்பதில்லையல்லவா?

பின்னாளில் ஆறாம் ஆண்டு வகுப்பை எடுத்தபோது ஓவிய நேரத்தைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டவர்களுள் நானும் ஒருவன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அப்படி நெருக்கியது. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது; அந்தச் சாக்கு இப்போது எனக்கு இல்லை.

ஆகவே பெற்றோர்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. பிள்ளையின் படத்தை நீங்கள் திருத்தி வரைந்து அனுப்பாதீர்கள். பெரியவர் கைக்கோடு எங்களுக்குத் தெரிந்துவிடும் என்பது ஒருபுறம் இருக்க, பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது, தன் கோடு போதாதென்று. படத்தைக் காட்டினால் ‘இது என்ன?’ என்று கேட்பதைவிட, ‘இதைப் பற்றிச் சொல்லு’ என்று கேளுங்கள், கதையே வரும். விலையுயர்ந்த வண்ணப்பெட்டி வேண்டியதில்லை. பழைய நாள்காட்டியின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும். அடுத்த ஆண்டுமுதல் நம் போட்டியில் படத்தோடு பிள்ளை தன் வாயால் கூறும் விளக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு.

சென்ற ஆண்டு இறுதியில் ஒருவர் தம் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க என் அலுவலகத்துக்கு வந்தார். பெயரைப் படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது; அவருக்கும் என்னைத் தெரிந்தது. பாரங்கள் எழுதி முடித்தபின், “இப்போதும் வரைகிறாயா, தம்பி?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “எனக்கு வரையவெல்லாம் வராதுங்க, சார். மலையும் சூரியனும் மட்டுந்தான்” என்றார். அந்தச் சிவப்பு மை அவருக்கு நினைவிருந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் மகளின் படமும் இவ்வாண்டுப் போட்டிக்கு வந்திருந்தது. அவளுக்குப் பிடித்த இடம் வீட்டு வாசல். அதில் ஒரு நாய்; நாய்க்கு ஆறு கால்கள். ஏனம்மா என்று கேட்டேன். “ஓடுது, சார்” என்றாள். அலுவலகக் கதவின் வலப்பக்கம் அதை ஒட்டியிருக்கிறேன். பள்ளிக்கு வரும்போது பாருங்கள்.