நைட் ஷிப்ட் வீட்டில் மன்னிப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பிப் பிழைக்கும் வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் முழுசாகச் சண்டை போடக்கூட நேரம் வாய்ப்பதில்லை. அவர் நைட் ஷிப்ட் முடித்து வரும்போது அவள் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பாள். ஓ.டி. பணத்தைச் சொல்லாமல் தங்கச்சிக்கு அனுப்பியது, மாமியாரைப் பற்றி வாய் தவறி வந்த சொல், கழுவாமல் கிடந்த டிபன் பாக்ஸ் என எல்லாம் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற சண்டைக்குத்தான் ஆயுசு அதிகம். ஷிப்ட் மாறி இருவரும் ஒன்றாகச் சாப்பிட உட்காரும் நாளில், விட்ட இடத்திலிருந்து அது தொடங்கும்.

பொழுது சாய்வதற்குள் கோபத்தை முடித்துக்கொள்ளச் சொல்கிறார் பவுல், எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 4-ம் அதிகாரத்தில். தேர்வாய் கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைகளின் நைட் ஷிப்ட்காரருக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் வேலையே. அந்த வாழ்க்கை பவுலுக்குத் தெரியாததல்ல. கூடாரம் செய்து பிழைத்தவர் அவர். கொரிந்துவில் அவர் தங்கியிருந்ததும் அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியின் வீட்டில்தான். இரவும் பகலும் உழைத்ததாகத் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். அவர் சொன்னதைச் சூரியனை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கோபத்துக்கு ஒரு நாளுக்கு மேல் தவணை கிடையாது, அவ்வளவுதான். ஷிப்ட் வீட்டில் அந்தத் தவணை கம்பெனி பஸ் வருவதற்குள் முடியட்டும்.

சில்லறைக் கடனா?

ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்க, ஏழெழுபது முறை என்று சொல்லி ஒரு கதை சொன்னார் இயேசு (மத்தேயு 18). ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் மன்னிக்கப்படுகிறான். வெளியே வந்ததும், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் முதல் கடன் சுமார் 6 கோடி நாள் கூலி.

இரண்டாவது கடனைச் சில்லறை என்று பிரசங்கங்களில் தள்ளிவிடுவதுண்டு. நூறு நாள் கூலி, அதாவது மூன்று மாதத்துக்கும் மேலான சம்பளம், சில்லறையா இல்லையா என்பதை ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கதை நம் வலியைச் சின்னதாக்கவில்லை. கடன் நிஜம், தொகையும் பெரிது. அது தெரிந்தே விட்டுக்கொடுப்பதுதான் மன்னிப்பு. 'பரவாயில்லை, விடு' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது மன்னிப்பில் சேராது. 'நீங்க சொல்லாம அனுப்பினது எனக்கு வலிச்சுது' என்று சொல்ல அவளுக்கு இடம் வேண்டும். 'ஏதாவது தப்பா இருந்தா மன்னிச்சுக்கோ' என்பதும் போதாது. எந்தத் தப்பு என்று குறிப்பாகச் சொல்லி அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். பேசித் தீர்த்ததை அடுத்த சண்டைக்கு ஆயுதமாக எடுக்காமல் இருப்பது இருவருக்கும் பொது.

பழவேற்காடு மகிமை மாதா ஆலயத்திலிருந்து சிப்காட் ஓரத்துச் சின்ன ஜெபக்கூடம் வரை கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம். அதில் அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்ட கையோடு மன்னிப்பையும் கேட்கிறோம். சோறு போலவே இதுவும் தினப்படித் தேவை என்றுதான் அர்த்தமாகிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் அந்த ஜெபத்தைத் தொடர்ந்து ஒருவருக்கொருவர் கும்பிட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காரும் நம் ஊர்க் கோயில்களில் அந்தக் கும்பிடு யார் யாருக்கோ போகும், கட்டியவருக்கு மட்டும் போகாது. அந்த பாக்கியைத் தீர்க்கக் குடும்ப ஜெபம்தான் இடம்.

மன்னிப்பும் நீதியும்

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் பிலிப், திமோத்தி என்ற அவருடைய இரு மகன்களையும் வண்டியோடு எரித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார் அவர் மனைவி கிளாடிஸ். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியையும் தொடர்ந்தார். அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

குடும்பத்துக்குள்ளும் அப்படித்தான். 1975-ல் தஸ்தானே தம்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: துணையின் குற்றத்தை மன்னித்து ஏற்றுக்கொள்வதில், மீண்டும் அப்படி நடக்கக்கூடாது என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது; மீறினால் பழைய குற்றமும் உயிர்பெறும். குடித்துவிட்டு அடிப்பவனிடம் தினம் அடிவாங்கிக்கொண்டு இருக்கச் சொல்லி எந்தச் சபையும் ஏழெழுபதைக் காட்ட முடியாது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் 181 என்ற உதவி எண்ணும் விசுவாசிக்கும் சேர்த்துத்தான்.

இயேசு வீட்டுக்கு வந்தபோது, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் ஆயக்காரன் சகேயு. மன்னிப்பைப் பெறுகிறவனுக்கும் செய்ய வேண்டிய வேலை உண்டு. மனைவிமாருக்குப் பொறுமையைப் போதிக்கும் பிரசங்கங்களில் பாதியாவது கணவன்மாருக்குச் சகேயுவைப் பற்றிச் சொல்லட்டும்.