துணிப்பெட்டி இறங்கியது, பம்பு ஏறியது

2024 ஜூன் 5 அன்று போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலம் புளோரிடாவிலிருந்து கிளம்பியபோது, விண்வெளி வீரர்கள் சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் இருவரின் துணிப்பெட்டிகளும் அதில் இல்லை. கடைசி நேரத்தில் அவற்றை இறக்கிவிட்டு, சுமார் 70 கிலோ எடையுள்ள பம்பு ஒன்றை ஏற்றியிருந்தார்கள். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரிக்கும் கருவியின் பம்பு பழுதாகி, சிறுநீரைக் கலன்களில் சேர்த்து வைக்கும் நிலை வந்திருந்தது. எட்டு நாள் பயணத்துக்கு நிலையத்தில் இருப்பிலுள்ள உடைகள் போதும் என்பது கணக்கு. விண்வெளியில் தங்கியதோ 286 நாள்!

சிறுநீரைக் குடிநீராக்குவதைக் கேட்டு சிங்கப்பூரின் ஆங் மோ கியோவாசிகள் முகம் சுளிக்க மாட்டார்கள். 2002 தேசிய தின அணிவகுப்பில், அன்றைய பிரதமர் கோ சோக் டோங்கோடு பல்லாயிரம் பேர் நியூவாட்டர் போத்தலை உயர்த்திக் குடித்த நாடு இது. கழிவுநீரிலிருந்து பிறக்கும் அந்த நீரை அதிகம் வாங்குபவை மின்சில்லு ஆலைகள்; அத்தகைய ஆலைகள் ஆங் மோ கியோவிலும் உண்டு. வறண்ட மாதங்களில் அது நீர்த்தேக்கங்களில் கலந்து, வீவக வீட்டுக் குழாய்க்கும் வருகிறது.

400 கிலோமீட்டர் உயரத்தில் வேலை இன்னும் கடினம். எடையற்ற நிலையில் நீரும் ஆவியும் தாமாகப் பிரிவதில்லை. அதனால் சுழலும் உருளையில், குறைந்த அழுத்தத்தில், சிறுநீரை வடித்தெடுக்கிறார்கள். காற்றிலிருந்து பிடித்த வியர்வையும் மூச்சின் ஈரமும் அதனுடன் சேரும். வடிகட்டி, சூடான வினையூக்கியில் செலுத்தி, அயோடின் கலந்த பிறகே அது குடிநீர். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 3.8 லிட்டர் வேண்டும். சுவாசிக்கும் ஆக்சிஜனும் நீரை மின்னாற்பகுத்துப் பெறுவதுதான். அப்படியிருக்க, பம்புக்கு முன் துணிப்பெட்டி எம்மாத்திரம்?

இந்தக் கருவி 2008 நவம்பரில் நிலையத்துக்குப் போனது. மறு ஆண்டே அடைத்துக்கொண்டது. காரணம், வீரர்களின் எலும்பு! உடலின் பாரம் தாங்கும் வேலை இல்லாததால் எலும்பு கரைகிறது; கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்குகிறது. சிறுநீரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு கூடி, அது கால்சியம் சல்பேட்டாகப் படிந்துவிட்டது. பின்னர் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். எலும்பைக் காக்க வீரர்கள் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அந்த வியர்வையும் வீணாவதில்லை.

உயிர் காக்கும் நீரே உயிருக்கு உலை வைத்ததும் உண்டு. 2013 ஜூலை 16 அன்று நிலையத்துக்கு வெளியே நடந்துகொண்டிருந்த இத்தாலிய வீரர் லூகா பர்மிதானோவின் தலைக்கவசத்துக்குள், உடையைக் குளிரூட்டும் நீர் கசிந்தது. அங்கே நீர் கீழே வடியாது, தோலில் ஒட்டிப் பரவும். கண்ணையும் மூக்கையும் அது மூட, பாதுகாப்புக் கயிற்றின் இழுவையை வழிகாட்டியாகக் கொண்டு தட்டுத்தடுமாறி அவர் உள்ளே திரும்பினார். அதன்பின் தலைக்கவசத்தில் ஈரம் உறிஞ்சும் பட்டையும், அவசரத்தில் மூச்சுவிட ஒரு குழாயும் வைக்கத் தொடங்கினார்கள்.

2023இல் நிலையத்தின் நீர் மீட்பு 98 விழுக்காட்டைத் தொட்டது. வடித்த பிறகு எஞ்சும் அடர்கரைசலைச் சவ்வுப் பைகளில் நிரப்பி, வெப்பக் காற்றை ஊதி, அதிலிருந்தும் ஈரத்தைக் கறக்கிறார்கள். சரக்குக் கலம் எட்டாத செவ்வாய்ப் பயணத்துக்கு நாசா வைத்திருக்கும் இலக்கும் அந்த 98 விழுக்காடுதான்.