சங்கரா மீன் பிடிக்கப் படகில் போகிறீர்களா? தூண்டில் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹப்சிகுடாவில் கடல் கிடையாது. ஆனால் இந்தப் பக்கம் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால், "லாங் வீக்கெண்ட்ல விசாகப்பட்டினம் போய் போட்ல மீன் பிடிக்கலாமா?" என்ற பேச்சு வந்துவிடும். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் கடல். வீடியோக்களில் பார்த்த பெரிய சிவப்பு சங்கராதான் எல்லாருடைய ஆசையும்.

அதைப் பிடிக்க என்ன வேண்டும்? மாட்டியது குட்டியாக இருந்தால் திரும்பக் கடலில் விட்டுவிடலாமா? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதில்தான் பலரும் தப்பு செய்கிறோம்.

சங்கரா என்பது எந்த மீன்?

ஆங்கிலத்தில் ஸ்னாப்பர் எனப்படும் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சில ஊர்களில் செப்பிலி என்பார்கள். சந்தையில் சங்கரா என்று விற்கப்படும் சின்ன இளஞ்சிவப்பு மீன் பல நேரம் நெமிப்டெரஸ் என்ற வேறு வகை. நாம் பேசுவது பாறை இடுக்குகளில் வாழும் பெரிய ஸ்னாப்பரைப் பற்றி.

எங்கே கிடைக்கும்?

கடலடியில் பாறையும் பவளமும் இருக்கும் இடங்களில். மீனவர்கள் இதைப் 'பார்' என்பார்கள்.

இதில் ஹைதராபாத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கே பிரகதி நகரில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள கடல் பகுதிகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் மீனவர்களுக்குச் சொல்கிறது. செயற்கைக்கோள் தரும் கடல் மேற்பரப்பு வெப்பநிலையும் பச்சையத்தின் அளவும்தான் இதற்கு அடிப்படை. மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மத்தி போன்ற மீன்களுக்கு இது உதவும். அடியில் பாறையை ஒட்டிக் கிடக்கும் ஸ்னாப்பர் செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

அதனால் பார் எங்கே என்று தெரிந்த உள்ளூர் படகோட்டியைத் தேடுவதுதான் முதல் வேலை. ராட், ரீல் எல்லாம் அப்புறம்.

என்னென்ன வேண்டும்?

• 40 முதல் 50 பவுண்ட் வரை தாங்கும் நரம்பு. பாறையில் உரசினாலும் அறுந்துவிடாமல் இருக்க, முனையில் அதைவிடத் தடிமனான நரம்பு ஒன்றரை மீட்டர்.
• முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் ஹூக். இது பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், குடலுக்குள் இறங்காது.
• 100 முதல் 300 கிராம் வரை ஈயம். நீரோட்டம் அதிகமானால் எடையைக் கூட்டுங்கள்.
• இரைக்குக் கணவாய்த் துண்டு, மத்தி அல்லது இறால்.
• குறடு, கையுறை, ஐஸ் பெட்டி. முதுகு முள் குத்தினால் நல்லா வலிக்கும்.

எப்படிப் பிடிப்பது?

ஈயத்தை நுனியிலும், தூண்டிலை அதற்கு அரை மீட்டர் மேலேயும் கட்டுங்கள். ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு மீட்டர் தூக்கிவிடுங்கள். இல்லையென்றால் பாறையில் சிக்கிக்கொள்ளும். மீன் கடிக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் சர்க்கிள் ஹூக் வாயிலிருந்து நழுவிவிடும். நிதானமாகச் சுற்றுங்கள், தானாக மாட்டும். மாட்டிய பிறகு முதல் சில நொடிகள் முக்கியம்: விட்டால் பாறைப் பொந்துக்குள் போய்விடும்.

குட்டி மீனைத் திரும்ப விட்டால் பிழைக்குமா?

பல நேரம் பிழைக்காது. ஸ்னாப்பரின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. 30 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் 4 மடங்கு. அங்கிருந்து வேகமாக மேலே இழுத்தால், பைக்குள் இருக்கும் காற்று 4 மடங்காக விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், இரைப்பை வாய் வழியாக வெளியே தள்ளும். கடலில் விட்டாலும் கீழே போக முடியாமல் மிதந்தே சாகும். வெளியே தெரியும் அந்தப் பையைக் காற்றுப்பை என்று நினைத்துச் சிலர் குத்திவிடுவார்கள். குத்தாதீர்கள், அது இரைப்பை.

சரியான வழி, மீனை எடை கட்டி மெதுவாகப் பழைய ஆழத்துக்கே இறக்கி விடுவது. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் ஸ்னாப்பர் போன்ற பாறை மீன்களைப் பிடிக்கும் படகுகளில், இப்படி இறக்கும் கருவியோ காற்றை வெளியேற்றும் ஊசியோ தயாராக இருக்க வேண்டும் என்ற சட்டம் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அங்குள்ள சிவப்பு ஸ்னாப்பர் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. ஒரு பாரில் பெரிய மீன்கள் தீர்ந்துபோனால், திரும்ப அந்த அளவுக்கு வளரப் பல வருஷம் ஆகும்.

எப்போது, எங்கே போகக் கூடாது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அங்கே பவளம் இருக்கிறதே என்று தூண்டிலோடு போய்விடாதீர்கள். எங்கே கிளம்பினாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். இன்காய்ஸின் உயர் அலை எச்சரிக்கையையும் முந்தின நாளே பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நாலு பேருக்கு எத்தனை மீன் போதும் என்பதைக் கரையிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். குட்டிகளாகவே மாட்டினால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். "பிடிச்சிட்டு விட்டுடலாம்" என்பது ஏரி மீனுக்குச் சரியாக இருக்கலாம். 30 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் சங்கராவுக்குச் சரிவராது.