இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா?



நிலக்கடலை காய் பிடிக்கிற பருவம் வந்தால் போதும், விதை, உரம், மருந்து பற்றிக் கேட்டு முடித்ததும் சிலர் மெதுவாக இன்னொன்றும் கேட்கிறார்கள். "பன்றித் தொல்லை தாங்கலைங்க. ஒரு டபுள் பேரல் வாங்கிட்டா என்ன?" நியாயமான கேள்விதான். ராத்திரி ஒரே வேளையில் மூன்று மாதப் பாடு மண்ணோடு போனால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் கோபத்தோடு வாங்கக் கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது துப்பாக்கிதான்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கையில் வந்த பிறகுதான் துப்பாக்கி வாங்க முடியும். மனுவைக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருடம் செல்லும். ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் காட்டினால், வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குத்தான் சட்டம் முதலில் இடம் தருகிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் தோட்டா போடுகிற துப்பாக்கி.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்தால் பன்றியைச் சுட லைசென்ஸ் கிடைத்ததாக அர்த்தம் இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பன்றியும் அடக்கம். மயிலுக்கு அதைவிடக் கடுமையான பாதுகாப்பு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறையாருக்குத்தான். 1 கிலோமீட்டருக்குள் யாரும் சுடக் கூடாது. ஆகவே பயிர் சேதமானால் உடனே வனச்சரகரிடம் மனு கொடுங்கள், இழப்பீடும் கேளுங்கள்.

மனுவால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர் விவசாயிகள் கலெக்டரிடம்தான் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் நெல்லுக்கு உரம். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பு தந்தார். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நகை கொடுத்தாரே, அதே பிளேஸ் துரைதான்.

இத்தனையும் தெரிந்து, தனித் தோட்டத்தில் குடியிருக்கிறோம், உயிர்ப் பாதுகாப்புக்கு வேண்டும் என்று முறைப்படி லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு இனிச் சொல்கிறேன்.

12 போர் என்கிறோமே, அது என்ன கணக்கு? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் உள்வாய். எண் கூடினால் வாய் சிறுக்கும். 20 போர் 12-ஐவிடச் சிறியது. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், காரணம் பிறகு வரும்.

பீகாரில் முங்கேர் நகரத்துப் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகள் கடைகளுக்கு வருகின்றன. பழைய சீமைத் துப்பாக்கியும் கைமாறி வரும். எதுவானாலும் லைசென்ஸ் உள்ள கடையில், விவரம் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொண்டு வாங்குங்கள். பட்டுப் புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் வாங்குவோமா? அதுபோலக் குழலை மடக்கித் திறந்து, காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். துருக்குழி, நசுங்கல் கூடாது. குழல்களைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு, மரத்துண்டால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். கோயில் மணி போலக் கணீரென்று கேட்டால் நல்லது. கரகரத்தால் குழல்களை இணைக்கும் பற்று விட்டிருக்கலாம். முறுக்கிய இரும்புப் பட்டையில் செய்த, வரிவரியாகத் தெரியும் பழைய குழலில் இக்காலத் தோட்டாவைப் போடவே போடாதீர்கள்.

கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்துக் கண்ணைத் திறந்தால், பார்வை குழல்களின் நடுப்பட்டை மேல் நேராக ஓட வேண்டும்.

இனி முதல் வெடி. வயலில் வேண்டாம், வீட்டுக் கொல்லையில் வேண்டவே வேண்டாம். அங்கீகாரம் உள்ள துப்பாக்கிச் சுடும் களத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கச் சுடுங்கள். சத்தம் 140 டெசிபெல்லைத் தாண்டும். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

முதல் நாள் ஒரு குழலில் மட்டும் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். பெரும்பாலும் முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. சுடும் நிமிஷம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இடது காலை முன்வைத்து, உடம்பைச் சற்று முன்னே சாய்த்து, கட்டையைத் தோள் குழியில் இறுக்கிப் பிடியுங்கள். தளர விட்டால் உதை தோளில் விழும். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும்.

40 கஜத்தில் பெரிய காகிதம் கட்டிச் சுட்டுப் பாருங்கள். 30 அங்குல வட்டத்துக்குள், நுனி நன்கு குறுகிய குழல் சுமார் 70 சதவீத ரவையைப் போடும். குறுகாத குழல் சுமார் 40 சதவீதம்தான். மீதி எங்கே போயிற்று என்று யோசியுங்கள். சிறு ரவை 200 மீட்டருக்கு மேலும், எஸ்.ஜி. போன்ற பெரிய குண்டு 600 மீட்டருக்கு மேலும் பறக்கும். இருட்டில் அந்தத் தூரத்துக்குள் யார் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நிற்கிறார்களோ, நமக்கு எப்படித் தெரியும்?

தோட்டா வெடிக்கவில்லையானால் உடனே திறக்காதீர்கள். பத்திரமான திசையிலேயே பிடித்தபடி ஒரு நிமிஷம் பொறுங்கள். 20 போர் தோட்டாவை 12 போருடன் ஒரே பையில் போடவே கூடாது. சிறிய தோட்டா குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் குழலைத் துடைத்து எண்ணெய் போட்டு, துப்பாக்கியை ஒரு பூட்டிலும், தோட்டாவை வேறொரு பூட்டிலும் வையுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். குழந்தைக்குத் துப்பாக்கி இருக்கும் இடம் தெரிவதே ஆபத்து. தேர்தல் காலத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம்.

வேலிக்கும் காவலுக்கும் செலவு செய்துவிட்டு, மனுவும் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால், குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசி முடிவு எடுங்கள். போன கடலையை அடுத்த பட்டத்தில் எடுத்துவிடலாம். போன உயிரை எந்தப் பட்டத்திலும் எடுக்க முடியாது.