ஞானஸ்நான ஏடு எந்த அலமாரியில்?

தொடர் – 9

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று தன் மூதாதையரைத் தேடக் கிளம்பினால் எத்தனை கச்சேரி வாசல் ஏற வேண்டும்! 1911க்கு முன் இது வட ஆற்காடு மாவட்டம். பிறகு சித்தூர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் தமிழகத்தோடு சேர்ந்ததும் செங்கல்பட்டு. 1997 முதல் திருவள்ளூர்.

திருச்சபையின் பெயரும் மாறியது. வட ஆற்காட்டில் 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த ஆற்காடு மிஷன், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை. ஒரே ஆலயத்தின் ஏடுகளில் மூன்று தலைப்பு இருந்தால் வியப்படைய வேண்டாம்.

மிஷன் காகிதங்களில் பெரும்பகுதி கடல் கடந்துவிட்டது. ஆற்காடு மிஷனின் ஆவணங்கள் நியூ ஜெர்சியிலுள்ள நியூ பிரன்ஸ்விக்கில். ஸ்காட்லாந்து மிஷன் கடிதங்கள் எடின்பரோவில். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுடையவை ஜெர்மனியின் ஹாலேயில். அங்கே 1710இலேயே தரங்கம்பாடிச் செய்திகளை அச்சிடத் தொடங்கிவிட்டார்கள். 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் போன்ற சிலருடைய வாழ்வு நமக்குத் தெரிவதற்கு அந்தச் சேமிப்பே காரணம். அதற்கு நான் நன்றியுள்ளவன்.

ஆனால் அந்த அறிக்கைகள் காணிக்கை கொடுத்தவர்களுக்காக எழுதப்பட்டவை. மழையில் ஊர் ஊராக நடந்த உபதேசியார், பல இடங்களில் பெயரில்லாத ‘உள்ளூர் உதவியாளர்’. அவர் பெயரும் அவர் மனைவி பெயரும் நம் குருசேகரத்து ஞானஸ்நான ஏட்டில்தான் கிடைக்கும். தகப்பன், தாய், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று வரிசையாக. பழைய பெயரும் புதுப் பெயரும் அருகருகே நிற்கும் பக்கங்களும் உண்டு. அதைப் பார்த்துச் சங்கடப்பட்டு அடித்துவிட நினைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், கை வைக்காதீர்கள். அந்தப் பழைய பெயர்தான் அந்தக் குடும்பத்தின் முந்தைய நூற்றாண்டுகளுக்குப் போகும் வழி.

திருமணத்துக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரு நகல் அரசுப் பதிவாளருக்குப் போக வேண்டும். மிஷன் சபைகளின் ஞானஸ்நான ஏட்டுக்கு அந்தக் காவல் கிடையாது. பெரும்பாலும் ஒரே பிரதிதான். அது ஆயர் வீட்டு அலமாரியில் கரையானுக்கும் ஒழுகும் கூரைக்கும் நடுவே கிடக்கிறது. ஆயர் மாற்றலாகிப் போகும்போது சாவி கைமாறும். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் கைமாறுவதில்லை.

கிழிந்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை பழுத்துத் தாளைத் தின்னும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கம் விடாமல் கைபேசியில் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒரு நகலைப் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடத்துக்குக் கொடுக்க முடியுமா என்று மூப்பர்கள் பேசி முடிவெடுக்கலாம்.

படமெடுத்ததும் சபையின் மூத்த பாட்டியிடம் போய் ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். “இவங்க யாரு பாட்டி?” என்று கேட்டு, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எந்தக் காப்பகத்திலும் இல்லாத விவரம் அப்போதுதான் வரும்.

இதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பழவேற்காட்டில், 1632 முதல் 1642 வரை டச்சுச் சபைக்குப் போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணர் சொல்லக் கேட்டு அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் அச்சானது. அந்தச் சபை மறைந்துவிட்டது, கல்லறைகள் இருக்கின்றன. அடுத்த வாரம் அங்கே போவோம்.